விடியும்வரை ஓடும் மின்விசிறி

மற்ற கம்பெனிகள் எல்லாம் டைமர் வைத்து மின்விசிறி செய்ய ஆரம்பித்த பிறகும் தேகு நகரத்தில் மன்பூங் கம்பெனி மட்டும் வைக்கவில்லை. முதலாளி யோம் தேகில் சம்மதிக்கவில்லை. சன்னலைச் சாத்திய அறையில் இரவெல்லாம் மின்விசிறி ஓடினால் அதன் முன்னால் தூங்குகிறவர் காலையில் எழுந்திருக்க மாட்டார் என்பது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். காற்று மூச்சை அடைத்துவிடும் என்பார்கள் சிலர். உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பார்கள் சிலர். கோடை வந்தால் பத்திரிகையிலும் அப்படி ஒரு சாவு எப்படியும் வந்துவிடும். அதனால்தான் டைமர். குமிழைத் திருகிவிட்டுக் கண்ணயர்ந்தால் கொஞ்ச நேரத்தில் மின்விசிறி தானே நின்றுவிடும்.

"செத்தவன் ரூம்ல சுவர்க்கடியாரமும்தான் விடிய விடிய ஓடியிருக்கு. அதை ஏன் யாரும் பிடிச்சு உள்ள போடல?" என்பார் தேகில். கேட்கிறவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய் டைமர் வைத்த மின்விசிறியை வாங்கிக்கொள்வார்கள்.

அந்தச் சிரிப்பில் அவருடைய மனைவி மல்சூன் எப்போதும் முதலில் சேர்ந்துகொள்வாள். அவருக்கு நாக்கு கூர்மை. கல்யாணமான புதிதில் அந்த நாக்குக்குப் பயந்து சிரித்தாள். பிறகு பழகிப்போய்ச் சிரித்தாள். அவர் ஏதாவது சொல்லி முடித்த கணத்தில் இவள் சிரித்துவிட்டால் அந்தப் பேச்சில் இருக்கிற முள் கொஞ்சம் மழுங்கிவிடும், எதிரே இருக்கிறவருக்கும் தப்பிக்க ஒரு வழி கிடைக்கும் என்று அவள் கண்டுவைத்திருந்தாள். குழம்பில் உப்பு பார்ப்பதுபோல் அதுவும் அவளுடைய வேலைகளில் ஒன்றாக இருந்தது.

கம்பெனி தொடங்கியதே அவர்கள் இரண்டு பேருடைய நான்கு கைகளால்தான். நாட்டில் நடந்த போர் ஓய்ந்த பிறகு பட்டாளத்து முகாமிலிருந்து எரிந்துபோன மோட்டார்கள் பழைய இரும்போடு சேர்ந்து புக்சொங்னோ தெருவுக்கு வந்து குவிந்தன. தேகில் அவற்றைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுத்தார். தெருவோரம் ஒரு பலகை, ஒரு கை ராட்டினம், அவ்வளவுதான் பட்டறை. கம்பி சுற்றியவள் மல்சூன். முதுகில் கைக்குழந்தையாக இருந்த மகன் ஜேமனைக் கட்டிக்கொண்டு சுற்றுகளை வாய்விட்டு எண்ணுவாள். எண்ணிக்கை பிசகினால் மோட்டார் சூடேறி மறுபடி எரிந்துவிடும். நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே போனால்தான் பிள்ளையும் தூங்கினான்.

பிறகு பீப்பாய்த் தகட்டை வெட்டி இறக்கை அடித்துத் தேகில் தன் மோட்டாரில் மாட்டினார். மலைகளுக்கு நடுவே சட்டியில் கிடப்பதுபோல் வேகிற ஊர். அந்தக் கோடையிலேயே செய்ததெல்லாம் விற்றுப்போயிற்று. பத்தாயிரம் காற்று என்று பொருள்பட மன்பூங் என்று பெயர் வைத்தார். நோவொன் பகுதியில் தகரக் கொட்டகை, பிறகு செங்கல் கட்டடம், காயில் என்கிற கம்பிச்சுருள் சுற்ற ஒரு கூடம் நிறையப் பெண்கள், அவர்களுக்கு மேலே கூ என்கிற மேஸ்திரி. மற்றவர்கள் டைமருக்கு மாறிய வருஷம் தேகில் தொழிற்சாலைச் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதவைத்தார்: மன்பூங், விடியும்வரை ஓடும்.

"மோட்டாருன்னா நிறுத்துற வரைக்கும் ஓடணும். நடுவுல மயக்கம் போட்டு விழற மோட்டாருக்குப் பேரு டைமர் வெச்ச மோட்டார்."

மல்சூன் சிரித்தாள். உள்ளுக்குள் அவளுக்குமே அது பெருமைதான். அந்த மோட்டாரின் வயிற்றில் இருந்தது அவள் சுற்றக் கற்றுக்கொடுத்த காயில்.

ஜேமன் பொறியியல் படித்து, பட்டாளத்துச் சேவையையும் முடித்துவிட்டுக் கம்பெனிக்கு வந்தபோது இருபத்துநான்கு வயது. அதிகம் பேசாத பிள்ளை. சாப்பிடும்போதுகூடக் கிண்ணத்தில் கரண்டி படும் ஓசை கேட்காது. கடைக்காரர்கள் சரக்கைத் திருப்ப ஆரம்பித்திருந்த சமயம் அது. டைமர் இல்லாத மின்விசிறியை மருமகளுக்கு வாங்கிக் கொடுத்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கடையில் கேட்டே விட்டார்களாம். ஜேமன் ஒரு குளிர்காலம் முழுக்கப் படம் வரைந்தான். டைமரை வெளியே வாங்கவேண்டாம், நாமே செய்யலாம், சின்னதாக, அழகாக வரும் என்று அப்பாவிடம் பக்கம் பக்கமாகக் காட்டினான்.

"அப்பா, ஃபேன் ஆளைக் கொல்லும்னு நானும் நம்பல. ஆனா வாங்கறவங்க நம்பறாங்களே."

"ஊர்ல பேய் இருக்குன்னு நம்பறான். ஃபேனோட ஒரு தாயத்தும் சேத்துக் கட்டி வித்துடலாமா?"

மல்சூன் சிரித்தாள். ஜேமனும் சிரித்துக்கொண்டே விடாமல் கேட்டான். கடைசியில் அவர் "செஞ்சு தொலை" என்றார்.

அந்த வருஷக் கோடைக்கு டைமர் வைத்த மன்பூங் முதன்முதலாகக் கடைக்குப் போயிற்று. மழை பிடித்ததும் திரும்பி வந்தது. ஜேமன் போட்டிருந்த எஃகு ஸ்பிரிங் ஈரத்தில் துருப்பிடித்துவிட்டது. சில டைமர்கள் ஓடவே மறுத்தன, சில நிற்க மறுத்தன. லாரி லாரியாக வந்து முற்றத்தில் இறங்கிய அத்தனையையும் பிரித்து டைமரைக் கழற்றும் வேலையைத் தேகில் மகனிடமே கொடுத்தார். உள்ளே இல்லை, முற்றத்தில். காயில் கூடத்துப் பெண்கள் சன்னல் வழியாகப் பார்க்கிற இடத்தில். கூ ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். மழை விட்ட வெயிலில் ஜேமன் அதில் உட்கார்ந்து நாள் முழுக்கத் திருகுகளைக் கழற்றினான். மதியம் மல்சூன் குளிர்ந்த பார்லித் தண்ணீர் கொண்டுபோய் வைப்பாள். குடித்துவிட்டுக் குவளையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பான். முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. உள்ளே போகச் சொல்லட்டுமா என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நான் எதற்கு, இன்னும் கொஞ்சம்தானே பாக்கி என்று ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தாள்.

ஒருநாள் சாப்பாட்டில் ஜேமன், "மிச்சத்தையும் நாளைக்கு முடிச்சிடறேன்பா" என்றான்.

தேகில் கிம்சி ஊறுகாயை மென்றுகொண்டே அவனைப் பார்த்தார். "மோட்டார் எரிஞ்சு வந்தா கம்பியை வெட்டிப் போட்டுட்டுத் திரும்பச் சுத்திடலாம். உன்னை எதை வெச்சுடா திரும்பச் சுத்தறது?"

நன்றாகத்தான் இருந்தது அந்த வாக்கியம். அவருடைய பேச்சுகளுக்குள்ளேயே நல்ல பேச்சு. மல்சூன் சிரித்தாள். யோசித்துச் சிரிக்கவில்லை. அவர் முடிப்பதற்கும் அவள் தொடங்குவதற்கும் நடுவே யோசிக்க இடமே கிடையாது. ஜேமன் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான்.

காலையில் அவன் எழுந்து வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டபோது மின்விசிறி ஓடும் சத்தம் வந்தது. பழைய மாதிரி, டைமர் இல்லாதது. அந்த ரீங்காரத்தை அவள் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள். அது கேட்டதால் பிள்ளை தூங்குகிறான் என்று நினைத்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டாவது தடவை வந்துதான் கதவைத் தள்ளினாள். சன்னல் சாத்தியிருந்தது. கொசு வரும் என்று மழைக்காலத்தில் அவன் எப்போதும் சாத்துகிறதுதான். துவைத்த சட்டை போட்டிருந்தான். தலைமாட்டில் காலி மருந்துச் சீசா.

அவள் அதை எடுத்தபோது தேகில் வாசலில் வந்து நின்றார். இரண்டு பேரும் சீசாவைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் அதை இடுப்புத்துணிக்குள் செருகிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கை செய்தது.

பக்கத்து வீட்டு யோங்சொன் ஊர்க்காரி அழுகைச் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். எட்டிப் பார்த்தாள். சாத்திய சன்னல், ஓடுகிற மின்விசிறி, கிடக்கிற பிள்ளை. அவளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

"ஐயோ அக்கா! ஃபேனு! ஃபேனைப் போட்டுக்கிட்டுத் தூங்கிட்டானே பாவி!" ஓடிப்போய் முதலில் அதைத்தான் நிறுத்தினாள். பிறகு சன்னலைத் திறந்தாள். பிறகுதான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

போலீஸ்காரர் வருவதற்குள் தெரு முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார். "பையனுக்கு வேற ஏதாவது மனக்கஷ்டம், குழப்பம்… இல்ல, அக்கம்பக்கத்துல சொல்ற மாதிரிதானா?"

தேகில் சன்னலையும் மின்விசிறியையும் பார்த்தார். "ஃபேன்தான்," என்றார். "எங்க ஃபேன்தான். டைமர் வைக்காதது என் தப்பு."

போலீஸ்காரர் தலைகுனிந்துகொண்டார். அந்த நிமிஷத்தில் மல்சூன் தன் புருஷன்மேல் வைத்த அன்பை முன்னும் வைத்ததில்லை, பின்னும் வைத்ததில்லை. தானே உயிரை விட்டவன் என்ற பேச்சு பிள்ளைமேல் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகக் கம்பெனியையே தூக்கிக் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் எதை இல்லை இல்லை என்று சொல்லிச் சிரித்தாரோ, அதையே ஆமாம் என்று சொல்லிவிட்டார். அவள் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

பெற்றவர்கள் உயிரோடிருக்கும்போது போகிற பிள்ளையின் பாடைக்குப் பின்னால் பெற்றவர்கள் போவது அங்கே வழக்கமில்லை. கூ மேஸ்திரியும் தொழிற்சாலை ஆட்களும் தூக்கிக்கொண்டு போனார்கள். கல்யாணமாகாதவன் என்பதால் சமாதி கிடையாது. சாம்பலை கும்ஹோ ஆற்றில் கரைத்துவிட்டு வந்தார்கள்.

மின்விசிறிக் கம்பெனி முதலாளியின் மகனையே மின்விசிறி கொன்றது என்று பத்திரிகையில் வந்தது. வாரத்துக்குள் கடைகளில் மன்பூங் இல்லை. திரும்பி வந்த பெட்டிகளை முற்றத்தில் அடுக்க இடம் போதவில்லை. காயில் கூடத்தில் பாதிப் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பெனி போகட்டும் என்று மல்சூன் நினைத்தாள். எல்லாம் போய், ஒரு அறையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருநாள் அதைப் பேசுவோம் என்று நினைத்தாள். நீங்கள் அப்படிச் சொன்னீர்கள், நான் சிரித்தேன், அவன் போய்விட்டான். அவ்வளவுதான் பேசவேண்டியது. அவரால் முடியாவிட்டால் அவள் தொடங்குவாள். அந்த ஒரு பேச்சுக்காக அவள் காத்திருந்தாள்.

இலையுதிர் காலத்தில் தேகில் மகனுடைய படங்களை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனார். எஃகு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பித்தளைக் கலப்பில் ஒன்று செய்து போட்டார். தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டு எடுத்து ஓட்டிப் பார்த்தார். நின்றது, ஓடியது, நின்றது. மதியம் உள்ளே போனவர் விளக்கு வைப்பதற்குள் வெளியே வந்துவிட்டார். மல்சூன் முற்றத்தில் நின்றபடியே அவர் கையிலிருந்த டைமரைப் பார்த்தாள். ஒரு சாயங்கால வேலை. எஃகு வேண்டாம்டா என்று அவனிடம் சொல்ல ஒரு வார்த்தை. அவருக்கு அது முன்பே தெரிந்திருந்ததா, அப்போதுதான் தோன்றியதா என்று கேட்க வாயெடுத்தாள். பதில் எதுவானாலும் அதைக் கேட்டபின் அவரோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று பட்டது. கேட்கவில்லை.

அடுத்த கோடைக்கு மன்பூங் மறுபடி கடைக்கு வந்தது. சுவரெழுத்தை அழித்துவிட்டு வேறு எழுதினார்கள்: மன்பூங், ஒரு தகப்பன் செய்த மின்விசிறி. யார் யோசனை என்று தெரியவில்லை. கூ மேஸ்திரி என்றார்கள், வியாபாரி ஒருவர் என்றார்கள். மகனைப் பறிகொடுத்தவர் மனம் மாறி டைமர் வைத்தார் என்ற கதையைக் கடைக்காரர்களே பெட்டியோடு சேர்த்துச் சொல்லி விற்றார்கள். தாய்மார்கள் தேடி வந்து வாங்கினார்கள். வீட்டுக்கு அனுப்பிய பெண்கள் திரும்பி வந்தார்கள். புதிதாக இன்னொரு கூடம் கட்டினார்கள்.

பெண்கள் சங்கத்தில், பள்ளிக்கூடத்தில், கோடைக்கு முன்னால் தேகிலைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். ஒரு தடவை மல்சூனும் கூடப் போனாள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். "அன்னிக்கு ராத்திரி நான் எழுந்து அவன் ரூம் பக்கம் போனேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "சன்னலைத் திறக்கலாம்னு நினைச்சேன். பையன் அசந்து தூங்கறான், எழுப்ப வேண்டாம்னு வந்துட்டேன். அந்தச் சன்னலை நான் திறந்திருந்தா…" குரல் உடைந்தது. முன்வரிசைப் பெண்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றிரவு அவர் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவளுக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போகும் வழியில் அவர் தன்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தாள். என்ன செய்யட்டும், சொல்லித்தானே ஆகவேண்டும் என்கிற ஒரு பார்வை. அது போதும் அவளுக்கு. அவர் கார் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அவர் மாறித்தான் போனார். நாக்கின் கூர்மை போய்விட்டது. யாரையும் குத்திப் பேசுவதில்லை. தொழிலாளிகளிடம் மெதுவாகப் பேசினார். ஜேமன் அம்மா என்று அவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, இங்கே பாரும்மா என்று கூப்பிட்டார். எல்லோரும் அவரை நல்ல மனிதர் என்றார்கள். வாய்விட்டுச் சிரிக்கவேண்டிய வேலை மல்சூனுக்கு இல்லாமல் போயிற்று.

எல்லாவற்றையும் மின்விசிறி வாங்கிக்கொண்டுவிட்டது என்று அவள் நினைப்பாள். அவர் பேசிய பேச்சை, அவள் சிரித்த சிரிப்பை, முற்றத்து வெயிலை, பிள்ளை தனியே இருந்து எடுத்த முடிவை, எல்லாவற்றையும். பழியில் அவருடைய பங்கை அவர் கொடுத்துவிட்டார், சரி. தன் பங்கை யாரைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள்? அது அவளுக்கு வேண்டும். பிள்ளையிடமிருந்து அவளுக்கு மிச்சமாக இருந்ததே அதுதான்.

ஐந்தாவது கோடையில் ஒரு பத்திரிகையிலிருந்து எழுத வந்தார்கள். வந்தது கட்டைமுடி வைத்த ஒரு பெண். தேகிலிடம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, வெட்டி வைத்த மஞ்சள் முலாம்பழத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மல்சூன் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவும் ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்கும். படிக்கிற தாய்மாருக்கு."

மல்சூன் பழத்தட்டைக் கீழே வைத்தாள். "அவன் ஃபேனால சாகல," என்றாள். "மாத்திரை சாப்பிட்டுச் செத்தான். சீசாவை நான்தான் எடுத்து ஒளிச்சேன்."

அந்தப் பெண்ணின் கை பேனாவை நோக்கிப் போகும் என்று மல்சூன் அதையே பார்த்தாள். கை பேனாவைத் தாண்டி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"எங்க சித்தி பையனும் இப்படித்தாம்மா, ஃபேனைப் போட்டுட்டு…" என்றாள் அந்தப் பெண். கண் கலங்கியிருந்தது. "சித்தியும் ரொம்ப நாள் என்னென்னமோ சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அன்னிக்குத் தனியாப் படுக்க விட்டிருக்கக் கூடாது, அதைச் சாப்பிடக் கொடுத்திருக்கக் கூடாதுன்னு. பெத்த மனசு எதையாவது பிடிச்சுத் தன்மேல போட்டுக்கத்தான் செய்யும். நீங்க அப்படி நினைக்கக் கூடாதும்மா."

"நினைக்கலம்மா. நடந்ததைச் சொல்றேன்."

"சரிம்மா, சரி," என்றாள் அவள், கையைத் தடவிக்கொண்டே. தேகிலைப் பார்த்தாள். தேகில் தலையை மெல்ல ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் இருந்தது வருத்தம்தான், வேறு எதையும் மல்சூனால் பார்க்க முடியவில்லை.

அந்தப் பெண் போனதும் மல்சூன் அவர் எதிரே போய் உட்கார்ந்தாள். "இப்ப யாரும் இல்ல. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. சீசாவை நீங்களும் பாத்தீங்கதானே?"

"எந்தச் சீசா?"

"தலைமாட்டுல இருந்தது. நான் எடுத்தேன். நீங்க வாசல்ல நின்னீங்க."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நினைவுபடுத்திப் பார்க்கிறவருடைய முகம். பொய் சொல்லும்போது அவருக்கு இடது புருவம் கொஞ்சம் ஏறும். அவள் முப்பது வருஷம் பார்த்த புருவம். அது ஏறவில்லை. "ஏதோ தைலச் சீசாவா இருக்கும்மா. அவனுக்கு அப்பப்ப தலைவலி வருமே." எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். "உன்மேல தப்பு ஒண்ணும் இல்ல. நீ என்ன செஞ்சே? தப்பெல்லாம் என்னுது. டைமர் வெச்சிருந்தா நம்ம பையன் இருந்திருப்பான்." பிறகு குனிந்து, கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி அவள்மேல் நேராக அடிப்பதைப் பார்த்து, அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அவ்வளவு அன்பாகச் செய்தார். மல்சூன் இத்தனை வருஷமும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார், வாய் திறக்கமாட்டார், ஆனாலும் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை. எப்போது போனார் என்றும் தெரியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் தொழிற்சாலைக்குப் போனாள். காயில் கூடத்தில் யாரும் இல்லை. பெண்கள் வெளியே நிழலில் டப்பாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கூ மேஸ்திரி மட்டும் வார்னிஷ் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து, பேரிங் ஒன்றைக் காதருகே வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"முதலாளியம்மா! சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. உக்காருங்க. இங்க வாடை அடிக்கும், அந்தப் பக்கம் உக்காருங்க."

"வாடை எனக்குப் புதுசாப்பா?" அவள் காயில் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். "கூ, என் பையனைத் தூக்குனது நீதானே?"

அவர் பேரிங்கைத் துணியில் வைத்தார். "ஆமாம்மா. தலைமாட்டுப் பக்கம் நான்தான்."

"ஃபேனாலயா செத்தான்?"

வெளியே ஒரு பெண் எதையோ சொல்ல, மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உள்ளங்கையில மாத்திரை ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. வேர்த்துக் கரைஞ்சு, வெள்ளையா. யாரும் பாக்கறதுக்குள்ள துடைச்சுட்டேன்."

மல்சூன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "வேற யாருக்குத் தெரியும்?"

"ஆத்தங்கரையில இருந்து வந்து குடிச்சோம். அழுகையில உளறிட்டேன்." கூ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எல்லாருக்கும் தெரியும்மா. காயில் சுத்துற பொண்ணுங்க வரைக்கும்."

"அஞ்சு வருஷமாவா?"

"சொன்னா முதலாளிக்கு அசிங்கம்னு முதல்ல வாயை மூடிக்கிட்டோம். அப்புறம்…" கை விரித்தார். "அப்புறம் எல்லா வீட்டுலயும் அந்தக் கதையிலதாம்மா அடுப்பு எரியுது. யாரு போய் ஊதி அணைக்கிறது?"

"தெரிஞ்சுமா டைமர் மாட்டி அனுப்பறீங்க?"

"அது வேறம்மா." கூ உண்மையாகவே குழம்பிப்போனவர்போல் அவளைப் பார்த்தார். "ஜேமன் தம்பி விஷயம் வேற. ஃபேன் ஆளைக் கொல்லறது வேற. டைமர் போடாம எம் பேத்தியைத் தூங்க விட்டுடுவேனா நான்?"

மல்சூன் கண்களை மூடித் திறந்தாள். கேட்க வந்தது இதில்லை.

"குடிச்சுட்டு உக்காந்து பேசினப்ப, அவன் ஏன் அப்படிச் செஞ்சான்னு பேசியிருப்பீங்களே. என்ன பேசினீங்க?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்போ?"

"சொல்லுப்பா."

"முதலாளியைச் சொன்னாங்க. இந்த வாயி ஒருநாள் ஆளைக் கொல்லும்னு நினைச்சேன்னு ஒருத்தன் சொன்னான். என்னைச் சொன்னாங்க. முக்காலியை எடுத்துப் போட்டு வெயில்ல உக்கார வெச்சவன் நீதானேன்னு. போட்டவன் நான்தான். நானும் ஒத்துக்கிட்டேன்."

"என்னை?"

கூ வார்னிஷ் தொட்டியின் மூடியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"கூ, என்னைப் பாரு. என்னை என்ன சொன்னாங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. குடிச்ச வாயி." அவர் மூடியிலிருந்து கையை எடுத்தார். "தெனமும் தண்ணி கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சே அந்தம்மா, எந்திரிச்சு உள்ள வாடான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா பையன் வந்திருப்பான், அதுகூட வேடிக்கை பாத்துட்டுப் போயிடுச்சேன்னு… சொன்னாங்க."

யாரோ கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, சாத்தியிருப்பதைக் கண்டு திரும்பிப் போனார்கள். மல்சூனுக்கு வலித்தது. எங்கே வலிக்கவேண்டுமோ சரியாக அங்கே வலித்தது. ஐந்து வருஷமாக எல்லோரும் அவள் கையைத் தடவி, நீ என்ன செய்தாய், நீ என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

வேலை தொடங்கும் மணி அடித்தது. பெண்கள் செருப்பை உதறிவிட்டு வரும் சத்தம் கேட்டது.

"திரும்பச் சொல்லு," என்றாள் மல்சூன்.

கூ கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து குனிந்து, தாழ்ந்த குரலில், ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொன்னார்.